பாட்டுக்காகப் பிறந்த தட்டு: பழைய நெட்வொர்க் கணினிகளில் சிடி-ரோம் ஏன் அப்படி நடந்துகொண்டது?

லினக்ஸ் நிறுவுவதற்காக இணையத்திலிருந்து இறக்கும் கோப்பின் பெயர் ஏன் '.ஐஎஸ்ஓ' என்று முடிகிறது? சிடி டிரைவே இல்லாத மடிக்கணினிக்கு எதற்காக ஒரு சிடியின் முழு நகல்? 1990களின் தட்டுகளை நூலகங்களிலும் ஆய்வகங்களிலும் காப்பாற்றி எடுக்க முயல்கிறவர்களுக்கு வேறு கேள்விகள் வருகின்றன. கோப்புப் பெயர்கள் ஏன் எட்டு எழுத்தோடு வெட்டப்பட்டு, முழுக்கப் பெரிய எழுத்தில், கடைசியில் ஒரு ';1' ஒட்டிக்கொண்டு தெரிகின்றன? தட்டில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனாலும் படித்து முடிக்கும் இடத்தில் மட்டும் ஏன் பிழை வருகிறது?

இவற்றுக்கெல்லாம் வேர் ஒன்றுதான். சிடி பாட்டு கேட்பதற்காக உருவானது. ஒருவர், ஒரே வேகத்தில், முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் கேட்பதற்கான பொருள் அது. அதைக் கொண்டுபோய், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பத்து வெவ்வேறு கோப்புகளைக் கேட்கும் நெட்வொர்க்கின் நடுவில் வைத்தார்கள். அதன் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு எழுதப்பட்ட மென்பொருள்களும் விதிகளும் இந்தப் பொருத்தமின்மையைச் சமாளிக்க எழுந்தவை. அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

நொடிக்கு 75 செக்டர்

பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய இசைத் தட்டு 1982-இல் விற்பனைக்கு வந்தது. அதன் கணக்கு இது: நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 1,76,400 பைட். இதை நொடிக்கு 75 துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒரு துண்டு, அதாவது ஒரு செக்டர், 2,352 பைட்.

பாட்டில் ஒரு மாதிரி தவறிப்போனால் முன்னும் பின்னும் உள்ளவற்றை வைத்து ஊகித்து நிரப்பிவிடலாம், காதுக்குத் தெரியாது. நிரலில் ஒரு பிட் மாறினால் நிரல் ஓடாது. அதனால் தரவுத் தட்டில், அதாவது சிடி-ரோமில், அதே 2,352 பைட்டுக்குள் கூடுதல் பாதுகாப்பு வைக்க வேண்டியிருந்தது. செக்டர் எங்கே தொடங்குகிறது என்று காட்ட 12 பைட், முகவரிக்கு 4 பைட், பிழையைக் கண்டுபிடிக்க 4 பைட், பிழையைத் திருத்த 276 பைட், சும்மா விடப்பட்ட 8 பைட். இவை போக மிஞ்சியது 2,048 பைட். சிடி-ரோமின் செக்டர் அளவு 2,048 ஆனது இப்படித்தான்.

இதிலிருந்து இரண்டு எண்கள் பிறக்கின்றன. 2,048-ஐ 75-ஆல் பெருக்கினால் நொடிக்கு 150 கிலோபைட். இதுவே '1எக்ஸ்' வேகம். பின்னாளில் டிரைவ் பெட்டிகளில் பெருமையாக அச்சிடப்பட்ட 52எக்ஸ் எல்லாம் இதன் மடங்குதான். 74 நிமிடத் தட்டில் 3,33,000 செக்டர்கள். கிட்டத்தட்ட 650 எம்பி.

1989-இல் வந்த சன் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் 1 கணினிக்குள் வைக்கப்பட்ட ஹார்ட் டிஸ்க் 104 எம்பி. இயங்குதளங்களை அனுப்பப் பயன்பட்ட காந்த நாடா கேசட்டுகள் 150 எம்பி. அந்தக் காலத்தில் 650 எம்பி என்பது பெரும்பாலான கணினிகளுக்குள் இருந்த மொத்த இடத்தைவிடப் பெரியது. தொல்லைகள் எத்தனை இருந்தாலும் சிடியை யாரும் ஒதுக்கவில்லை என்பதற்கு இந்த ஒரு ஒப்பீடே போதும்.

இசைத் தட்டிடமிருந்து வந்த இன்னொரு சொத்தும் உண்டு. சிடியில் இருப்பது ஒரே ஒரு நீண்ட சுருள் தடம். தடம் எப்போதும் ஒரே நேர்வேகத்தில் லேசரைக் கடக்க வேண்டும். அதனால் 1எக்ஸ் டிரைவில் உள்வட்டத்தைப் படிக்கும்போது தட்டு நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று சுற்றும், வெளிவட்டத்தில் சுமார் 200. உள்ளிருந்து வெளியே தாவ வேண்டுமானால் லேசர் நகர்ந்தால் மட்டும் போதாது. மோட்டாரும் வேகத்தை மாற்றி நிலைபெற வேண்டும். 1990-91-இல் வகுக்கப்பட்ட பல்லூடகக் கணினித் தரத்தின் முதல் நிலை, இந்தத் தாவலுக்கு ஒரு முழு நொடி வரை அனுமதித்தது. 1993-இல் வந்த இரண்டாம் நிலை 400 மில்லிநொடி கேட்டது. அதே காலத்து ஹார்ட் டிஸ்க்குகள் இருபது மில்லிநொடிக்குள் தாவின.

ஒத்துக்கொள்ளாத கணினிகளுக்கு ஒரே தட்டு

செக்டர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அவற்றில் கோப்புகளை எப்படி அடுக்குவது என்று யாரும் முடிவு செய்யவில்லை. ஆளுக்கொரு முறை கையாண்டார்கள். ஒருவர் வெளியிட்ட தட்டை இன்னொருவர் மென்பொருளில் திறக்க முடியாது.

1985 நவம்பரில் ஆப்பிள், டெக், ஹிட்டாச்சி, மைக்ரோசாஃப்ட், பிலிப்ஸ், சோனி, 3எம் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆட்கள் அமெரிக்காவின் டாஹோ ஏரிக்கரையில் ஹை சியரா என்ற விடுதியில் கூடினார்கள். அவர்கள் 1986-இல் முன்வைத்த திட்டத்துக்கு விடுதியின் பெயரே ஒட்டிக்கொண்டது. சில திருத்தங்களோடு 1988-இல் அது உலகத் தரமாயிற்று: ஐஎஸ்ஓ 9660. '.ஐஎஸ்ஓ' என்ற பின்னொட்டு இந்தத் தரத்திலிருந்து வந்தது.

இந்தத் தரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மையான சமரசம்தான். இன்டெல் செயலிகள் எண்ணின் சிறிய பைட்டை முதலில் எழுதும். மோட்டோரோலா, ஸ்பார்க் செயலிகள் பெரிய பைட்டை முதலில் எழுதும். எது சரி என்று சண்டை போடாமல், முக்கியமான எண்கள் எல்லாவற்றையும் இரண்டு விதமாகவும் அடுத்தடுத்து எழுதிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். சில பைட்டுகள் வீண். ஆனால் எந்தக் கணினியும் தன் பாதியை மட்டும் படித்துக்கொண்டு போகலாம்.

தாவல் நேரம் அதிகம் என்பதும் வடிவமைப்பில் தெரிகிறது. ஒவ்வொரு கோப்பும் துண்டாகாமல் தொடர்ச்சியாக இருக்கும்; அடைவில் (ஃபோல்டரில்) தொடக்கச் செக்டரும் நீளமும் இருந்தால் போதும். எல்லா அடைவுகளின் இடங்களையும் ஒரே பட்டியலாகத் தனியே எழுதியும் வைத்தார்கள். அதை ஒருமுறை நினைவகத்துக்குள் எடுத்துக்கொண்டால், ஆழத்தில் இருக்கும் அடைவுக்கு ஒவ்வொரு படியாகத் தாவி இறங்க வேண்டியதில்லை.

பெயர்களில்தான் சமரசம் கடுமையாக இருந்தது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான பெயர் என்றால், அவற்றில் மிகக் குறைந்த வசதி கொண்ட, மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸுக்கு ஏற்ற பெயர் என்று அர்த்தம்.

1. முதல் நிலையில் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று. ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், அடிக்கோடு மட்டும்.
2. அடைவுக்குள் அடைவு என்று எட்டு நிலை வரைதான் போகலாம்.
3. பெயரின் கடைசியில் பதிப்பு எண். டெக் நிறுவனத்தின் விஎம்எஸ் இயங்குதளத்தில் கோப்புகளுக்கு இந்த வழக்கம் இருந்தது. பழைய தட்டில் தெரியும் ';1' இதுதான். பல இயங்குதளங்கள் இதை மறைத்துவிட்டன. எச்பி-யூஎக்ஸ் போன்றவை அப்படியே காட்டின.

யூனிக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தியவருக்கு இது பெரிய அடி. யூனிக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. மூலநிரல் தொகுப்பு ஒன்றைச் சிடியில் போட்டால், சிறிய எழுத்துப் பெயரைத் தேடும் நிரலுக்குப் பெரிய எழுத்துப் பெயர்தான் கிடைக்கும், தொகுப்பு கட்டப்படாது. கோப்பின் உரிமையாளர் யார், யாருக்கு அனுமதி, எது இணைப்பு என்பதற்கெல்லாம் தட்டில் இடமே இல்லை.

தீர்வாக வந்தது ராக் ரிட்ஜ் என்ற நீட்சி. ஐஎஸ்ஓ 9660-இன் ஒவ்வொரு அடைவுப் பதிவிலும் கடைசியில் 'அமைப்பின் பயன்பாட்டுக்கு' என்று சிறு இடம் விடப்பட்டிருந்தது. ராக் ரிட்ஜ் அந்த இடத்தில் யூனிக்ஸின் நீண்ட பெயர், அனுமதிகள், உரிமையாளர் எண் எல்லாவற்றையும் எழுதியது. அதை அறிந்த கணினி முழுப் பெயரைக் காட்டும். அறியாதது பழைய பெயரைக் காட்டிவிட்டுப் போகும். பழைய தட்டுகளில் 'டிரான்ஸ்.டிபிஎல்' என்ற கோப்பு எல்லா அடைவிலும் கிடப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு. ராக் ரிட்ஜ் தெரியாத கணினிக்காக வைக்கப்பட்ட பெயர் மாற்றப் பட்டியல் அது. எட்டு நிலைக்குக் கீழே இருந்த அடைவுகளைத் தூக்கி வைத்த 'ஆர்ஆர்_மூவ்ட்' என்ற அடைவும் அப்படிப்பட்டதே.

விண்டோஸ் 95-க்காக மைக்ரோசாஃப்ட் ஜோலியட் என்று வேறு வழி போட்டது. அதே கோப்புகளுக்கு இரண்டாவதாக ஒரு முழு அடைவு மரம். அதில் 64 எழுத்து வரை, யூனிகோடில் பெயர். தமிழுக்கு யூனிகோடில் 1991-லேயே இடம் இருந்தது. ஆகவே கொள்கையளவில், தமிழ்ப் பெயரை ஏற்கும் முதல் பரவலான சிடி முறை ஜோலியட்தான். அன்றைய விண்டோஸில் தமிழ் யூனிகோட் எழுத்துரு வசதி இல்லாததால் அது நடைமுறைக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின.

டாஸுக்குச் சிடியும் ஒரு நெட்வொர்க்

எம்எஸ்-டாஸ் அறிந்த கோப்பு முறை ஒன்றுதான். அன்றைய டாஸின் வட்டுப் பிரிவு 32 எம்பிக்கு மேல் போக முடியாது. 650 எம்பி கொண்ட, வேறு அமைப்புள்ள தட்டை அதன் வட்டுப் பட்டியலில் சேர்க்க வழியில்லை.

ஆனால் டாஸில் வேறொரு வாசல் திறந்திருந்தது. தொலைவில் இருக்கும் சர்வரின் கோப்புகளைக் காட்டுவதற்காக நெட்வொர்க் திசைமாற்றி என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. அங்கே கோப்பு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது டாஸுக்குத் தெரிய வேண்டியதில்லை; 'இந்தப் பெயருள்ள கோப்பைக் கொடு' என்று கேட்டால் போதும். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்சிடிஇஎக்ஸ் நிரல் இந்த வாசல் வழியாகவே நுழைந்தது. கணினிக்குள் திருகாணி போட்டு இறுக்கிய டிரைவை டாஸ் ஒரு தொலைதூர நெட்வொர்க் டிரைவாகவே பார்த்தது.

இதன் விளைவு பல அலுவலகங்களைக் குழப்பியது. தன் கணினியில் இருக்கும் சிடி டிரைவை அடுத்த மேசைக்குப் பகிர முயன்றால் முடியாது. காரணம், நெட்வொர்க் மென்பொருளின் பார்வையில் அது ஏற்கெனவே ஒரு நெட்வொர்க் டிரைவ். அடுத்தவரிடமிருந்து வந்ததாகத் தோன்றும் டிரைவை அது மீண்டும் பகிராது. எம்எஸ்சிடிஇஎக்ஸில் பகிர்வுக்கென்று ஒரு தனி விருப்பம் சேர்த்த பிறகே வழி பிறந்தது. நாவெல் நிறுவனத்தின் சர்வர் மென்பொருளான நெட்வேரின் 3.12 பதிப்பில் சர்வரே நேரடியாகத் தட்டைத் தன் வட்டுப் பகுதிபோல் ஏற்றும் வசதி வந்தது.

யூனிக்ஸ் பணிநிலையம்: 512-க்கும் 2,048-க்கும் நடுவே

யூனிக்ஸில் ஓடிய சன் கணினிகளில் வேறு சிக்கல். அவற்றின் தொடக்க நிரல் எந்த வட்டையும் 512 பைட் துண்டுகளாகவே கேட்கும். சிடியையும் ஒரு சாதாரண வட்டாகவே எண்ணி, 512 பைட் கொடு என்று கேட்கும். சன் விற்ற டிரைவ்கள் அதற்கேற்ப அமைக்கப்பட்டிருந்தன. கடையில் மலிவாகக் கிடைத்த ஸ்கஸி (டிரைவ்களைக் கணினியோடு இணைக்கும் ஒரு முறை) டிரைவ் 2,048 பைட்டைத்தான் நீட்டும். அதிலிருந்து கணினியைத் தொடங்க முடியாது. டோஷிபா, பிளெக்ஸ்டர் டிரைவ்கள் சிலவற்றின் பின்பக்கம் அல்லது மின்சுற்றுப் பலகையில் இதை மாற்ற ஜம்பர் என்ற ஒரு சிறு இணைப்பு இருந்தது. 'சன்னில் வேலை செய்யும் சிடி டிரைவ்' என்று தனிப் பட்டியல்கள் உலவியதற்குக் காரணம் இந்த ஒரு அமைப்புதான்.

ஒரு டிரைவை ஊருக்கே பகிர்ந்தால்

ஒரு துறையில் இருபது பணிநிலையங்கள், ஒரே ஒரு சிடி டிரைவ். இது 1990களின் தொடக்கத்தில் வழக்கமான நிலை. சன் 1984-இல் உருவாக்கிய என்எஃப்எஸ் முறையில் அந்த டிரைவை எல்லோருக்கும் பகிரலாம். சர்வரில் தட்டை ஏற்றி, படிக்க மட்டும் என்று ஏற்றுமதி செய்தால் போதும். சோலாரிஸ் 2-இல் இதற்கென்று அமைப்புக் கோப்பில் ஒரே வரி சேர்த்தால், தட்டைப் போட்டதுமே தானாகப் பகிரப்படும்.

வேகம் எப்படி இருக்கும்? ஈதர்நெட் நொடிக்கு 10 மெகாபிட், சிடி 1.2 மெகாபிட். நெட்வொர்க் எட்டு மடங்கு வேகம் என்பதால் சிக்கல் வராது என்றே தோன்றும். கணக்குப் போட்டால் வேறு கதை.

என்எஃப்எஸ் ஒரு தடவைக்கு 8 கிலோபைட் கேட்கும். 1எக்ஸ் டிரைவ் அதைப் படிக்க 0.053 நொடி. ஒரே ஆள் ஒரே கோப்பைத் தொடர்ந்து படித்தால் முழு 150 கிலோபைட் வேகம் கிடைக்கும். இப்போது இரண்டு பேர் தட்டின் இரண்டு மூலைகளில் இருக்கும் கோப்புகளைக் கேட்கிறார்கள். லேசர் ஒன்றுதான். ஒவ்வொரு 8 கிலோபைட்டுக்கும் ஒரு தாவல். தாவலுக்கு 0.4 நொடி என்று வைத்தால், 8 கிலோபைட்டுக்கு ஆகும் நேரம் 0.453 நொடி. மொத்த வேகம் நொடிக்குச் சுமார் 18 கிலோபைட். ஆளுக்கு 9.

டிரைவும் சர்வரும் முன்கூட்டியே கொஞ்சம் அதிகமாகப் படித்து வைத்தால் இது சற்று மேம்படும். ஆனால் போக்கு மாறாது. பிற்காலத்து 32எக்ஸ் டிரைவை எடுத்துக்கொள்வோம். தாவல் 0.1 நொடி என்றால், இதே கணக்கில் கிடைப்பது நொடிக்கு 79 கிலோபைட். பழைய 1எக்ஸ் டிரைவை ஒருவர் தனியாகப் படித்த வேகத்தில் பாதிதான். 32எக்ஸ் என்ற எண் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகத்தைச் சொல்கிறது. பகிர்வின் வேகத்தைத் தாவல்தான் தீர்மானிக்கிறது. புதிய டிரைவ் வாங்கியும் பலன் இல்லை என்று நூலகங்கள் திகைத்ததற்கு விளக்கம் இது.

வேகம் போக, பகிர்ந்த தட்டு வேறு சில விசித்திரங்களையும் காட்டும்.

1. வெளியே எடுக்கும் பொத்தான் வேலை செய்யாது. தட்டு ஏற்றப்பட்டிருக்கும் வரை இயங்குதளம் டிரைவின் கதவைப் பூட்டி வைக்கும். டிரைவ் பழுது என்று நினைப்பார்கள். உண்மையில் மூன்றாவது மாடியில் யாரோ அந்த அடைவுக்குள் உட்கார்ந்திருப்பார்கள்.

2. தட்டை எப்படியோ மாற்றிவிட்டால் தவறான தரவு வரலாம். என்எஃப்எஸ் சர்வர் யார் எதைத் திறந்திருக்கிறார்கள் என்று நினைவில் வைப்பதில்லை. கோப்புக்கு ஓர் அடையாள எண் கொடுத்துவிடும். அடுத்த முறை அந்த எண்ணோடு வந்தால் கொடுக்கும். ஐஎஸ்ஓ 9660-இல் கோப்புக்கென்று எண் கிடையாது. அதனால் லினக்ஸ் போன்றவை, அடைவுப் பதிவு தட்டில் எந்த இடத்தில் இருக்கிறதோ அதிலிருந்தே எண்ணை உருவாக்கின. புதிய தட்டில் அதே இடத்தில் வேறு கோப்பு இருந்தால்? நல்லகாலமாக இருந்தால் பிழைச் செய்தி வரும்.

3. பாதுகாப்பு. ராக் ரிட்ஜ் அனுமதிகளைச் சுமந்து வரும் என்பதால், நிர்வாகி உரிமையோடு ஓடும் நிரலையும் ஒருவர் தட்டில் எழுதிக் கொண்டுவந்துவிடலாம். அந்தச் சலுகையை மதிக்காதே என்று சொல்லித் தட்டை ஏற்றுவது நல்ல நிர்வாகிகளின் வழக்கமாயிற்று.

மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களைத் தரும் மெட்லைன் போன்ற தரவுத்தளங்களைச் சிடியில் வாங்கிய நூலகங்கள் தட்டுக்கு ஒரு டிரைவ் என்று கோபுரமாக அடுக்கின. ஸ்கஸி இணைப்பில் எட்டு முகவரி, ஒன்று கணினிக்கு. ஆகவே ஏழு டிரைவ் கொண்ட கோபுரங்கள் சகஜமாயின. ஹார்ட் டிஸ்க் மலிவானதும் இந்தக் கோபுரங்கள் தேவையற்றுப்போயின. தட்டை அப்படியே வட்டுக்கு நகலெடுத்து, அந்த நகலையே ஒரு தட்டுபோல ஏற்றிப் பகிர்ந்தார்கள். தாவல் நேரம் அதோடு ஒழிந்தது. '.ஐஎஸ்ஓ' கோப்பு தட்டைவிட்டுப் பிரிந்து தனியாக வாழத் தொடங்கியதில் இதற்கும் பங்கு உண்டு.

தட்டைத் தயாரிப்பது

தொடக்கத்தில் தட்டுத் தயாரிப்பு முழுக்கத் தொழிற்சாலை வேலை. தரவைக் காந்த நாடாவில் எழுதி அனுப்ப வேண்டும். அங்கே ஒளியுணர் பூச்சு கொண்ட கண்ணாடித் தட்டில் லேசரால் பதிந்து, அதிலிருந்து நிக்கல் அச்சு வார்த்து, பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் அழுத்தி எடுப்பார்கள். பிறகு அலுமினியப் பூச்சு, அதன் மேல் அரக்குப் பூச்சு. முதல் பிரதிக்குச் செலவு அதிகம், ஆயிரமாவது பிரதிக்கு மிகக் குறைவு.

அதனால்தான் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தவற்றைத் தட்டில் போட்டு விற்பதே ஒரு தொழிலாக முடிந்தது. கலிஃபோர்னியாவில் 1991-இல் தொடங்கிய வால்நட் கிரீக் சிடிரோம் நிறுவனம் ஃபிரீபிஎஸ்டி, ஸ்லாக்வேர் லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளங்களைத் தட்டுகளாக வெளியிட்டது. 28.8 கிலோபிட் மோடத்தில் 650 எம்பி இறக்க, இணைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகாமல் இருந்தாலும், சுமார் 53 மணி நேரம். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையம் 1995 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது. அந்தப் பத்தாண்டில் இங்கே பலர் லினக்ஸை முதன்முதலாகப் பார்த்தது கணினி இதழோடு வந்த தட்டில்தான்.

சொந்தமாக எழுதும் தட்டு, அதாவது சிடி-ஆர், தையோ யூடன் என்ற ஜப்பானிய நிறுவனம் 1988-இல் காட்டியது. அலுமினியத்தில் குழிகளுக்குப் பதில் கரிமச் சாயப் பூச்சு. லேசர் அதைச் சுட்டு நிறம் மாற்றும். முதலில் வந்த ரைட்டர்களின் விலை பல்லாயிரம் டாலர். 1995-இல் எச்பி 4020ஐ ஆயிரம் டாலருக்குள் வந்த பிறகே சிறு அலுவலகங்களுக்கும் எட்டியது. எழுதும் வேகம் 2எக்ஸ். ஒரு முழுத் தட்டுக்கு 37 நிமிடம்.

அந்த 37 நிமிடம்தான் பிரச்சினை. எழுதத் தொடங்கிய லேசர் நிற்கக் கூடாது. கீறலைத் தாங்குவதற்காக, ஒரு செக்டரின் பைட்டுகள் பக்கத்துச் செக்டர்களோடு கலந்துதான் தட்டில் பதிகின்றன. நடுவில் நிறுத்தினால் சுத்தமான வெட்டு என்று ஓர் இடமே இருக்காது. பழைய ரைட்டர்களால் அந்த இடத்தில் துல்லியமாகத் திரும்பச் சேர முடியவில்லை. தரவு ஒரு கணம் வராமல் போனால் தட்டு அவ்வளவுதான். இதற்கு பஃபர் அண்டர்ரன் என்று பெயர்.

பஃபர் என்பது ரைட்டருக்குள் இருக்கும் சிறு நினைவகம். 1 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 2எக்ஸ் வேகத்தில் நொடிக்கு 300 கிலோபைட் வெளியே போகும். ஆக, 3.4 நொடி தாங்கும். அன்றைய நெட்வொர்க் கணினியில் 3.4 நொடிக்கு மேல் தரவு நின்றுபோக என்னென்ன வழிகள் இருந்தன?

1. நெட்வொர்க் இழப்பு. எழுத வேண்டிய கோப்புகள் வேறு கணினியில் இருந்து என்எஃப்எஸ் வழியாக வருகின்றன. ஒரு 8 கிலோபைட் பதில், ஈதர்நெட்டில் ஆறு பொதிகளாகப் பிரிந்து வரும். ஒன்று தொலைந்தாலும் ஆறும் வீண். லினக்ஸில் வழக்கமான அமைப்பில், 0.7 நொடி காத்திருந்துவிட்டு மறுபடி கேட்கும். அதுவும் தொலைந்தால் 1.4 நொடி. அதற்கும் பிறகு 2.8. மூன்று இழப்பு சேர்ந்தால் 4.9 நொடி. தட்டு போயிற்று.

2. சின்னச் சின்னக் கோப்புகள். ஒரே பெரிய கோப்பை 300 கிலோபைட் வேகத்தில் கொடுப்பது சுலபம். பத்தாயிரம் சிறு கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடித் திறந்து கொடுப்பது வேறு வேலை. சராசரி மெல்லச் சரிந்து, பஃபர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும்.

3. ஹார்ட் டிஸ்க்கின் சுயசரிபார்ப்பு. அன்றைய வட்டுகள் வெப்ப மாற்றத்துக்கேற்பத் தலையின் நிலையைச் சரிசெய்ய அவ்வப்போது வேலையை நிறுத்தும். இப்படி நிறுத்தாத வட்டுகள் கூடுதல் விலையில் தனியாக விற்கப்பட்டன.

4. மற்ற பயனர்கள். பலர் பகிரும் யூனிக்ஸ் கணினியில் யாராவது ஒரு பெரிய நிரலைத் தொகுக்கத் தொடங்கினால் எழுதும் நிரல் நினைவகத்திலிருந்து வெளியே தள்ளப்படலாம்.

முதலிலேயே முழுத் தட்டின் நகலை உள்ளூர் வட்டில் உருவாக்கி வைத்துவிட்டால் முதல் இரண்டும் தீரும். ஆனால் மூலக் கோப்புகளுக்கு 650 எம்பி, நகலுக்கு இன்னொரு 650 எம்பி. 1995-இல் பல கணினிகளில் மொத்த வட்டே அவ்வளவு இருக்காது. அதனால்தான் கோப்புகளை ஐஎஸ்ஓ நகலாக அடுக்கித் தர எரிக் யங்டேல் எழுதிய எம்கே-ஐஎஸ்ஓ-எஃப்எஸ் நிரலின் வெளியீட்டை நேரடியாக எழுதும் நிரலுக்குள் குழாய் போட்டு அனுப்பும் ஆசை எல்லோருக்கும் வந்தது.

தட்டில் எழுதுவதற்காக யோர்க் ஷில்லிங் உருவாக்கிய சிடிரெக்கார்ட் நிரல் இந்தப் பின்னணியில் எவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. ரைட்டரின் பஃபருக்கு முன்னால் கணினி நினைவகத்தில் தானும் 4 எம்பி வரிசை ஒன்றை வைத்துக்கொள்ளும். 2எக்ஸ் வேகத்தில் அது கூடுதலாகச் சுமார் 14 நொடி. தன் நினைவகத்தை வெளியே தள்ளவிடாமல் பூட்டிக்கொள்ளும். செயலியில் தனக்கு முன்னுரிமை கேட்கும். இவை எல்லாவற்றுக்கும் நிர்வாகி அனுமதி தேவைப்பட்டதால், 'சிடி எழுத ஏன் ரூட் கடவுச்சொல் கேட்கிறது' என்ற புகார் எழுந்தது. லேசரை அணைத்து வைத்துக்கொண்டு முழு ஓட்டத்தையும் ஒத்திகை பார்க்கும் வசதியும் அதில் உண்டு.

2000-இல் சான்யோ கொண்டுவந்த பர்ன்-புரூஃப் நுட்பம் இந்தச் சிக்கலை ரைட்டருக்குள்ளேயே தீர்த்தது. பஃபர் வற்றுவதை முன்கூட்டியே கவனித்து, குறித்த இடத்தில் நிறுத்தி, தரவு வந்ததும் அதே இடத்தில் மிகத் துல்லியமாகத் தொடர்ந்தது.

கடைசி இரண்டு செக்டர்

இப்போது, தட்டின் முடிவில் வரும் அந்தப் பிழை. ஒரு தடத்தை மட்டும் எழுதிவிட்டு லேசரை அணைக்கும் முறையை டிராக்-அட்-ஒன்ஸ் என்பார்கள். லேசர் அணையும் இடத்தில் இரண்டு செக்டர்கள் உதிரியாக விழும். அவற்றில் தரவு இல்லை, படிக்கவும் வராது. ஆனால் தட்டின் பொருளடக்கம் அவற்றையும் சேர்த்தே தடத்தின் நீளத்தைச் சொல்லும். இயங்குதளம் அதை நம்பிக் கடைசி வரை படிக்கப் போய்ப் பிழையில் முட்டும். முன்கூட்டியே படித்து வைக்கும் வசதி இருந்தால், அதற்குச் சற்று முன்னால் இருக்கும் நல்ல செக்டர்களையும் அந்தப் பிழை இழுத்துக்கொண்டு போகும். இதற்காகவே முடிவில் 150 வெற்றுச் செக்டர்களை, அதாவது 300 கிலோபைட் சுழியங்களை, சேர்த்து எழுதும் விருப்பம் எம்கே-ஐஎஸ்ஓ-எஃப்எஸ்ஸில் வந்தது.

யூஎஸ்பிக்கு உதவிய 32 கிலோபைட்

ஐஎஸ்ஓ 9660 வகுத்தவர்கள் முதல் 16 செக்டர்களை, அதாவது 32 கிலோபைட்டை, எதுவும் எழுதாமல் விட்டார்கள். எந்தக் கணினிக்கு என்ன தேவைப்படுமோ, அது வைத்துக்கொள்ளட்டும் என்பது எண்ணம். 1995-இல் ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் வகுத்த எல் டொரிட்டோ விதி, சிடியிலிருந்து பிசியைத் தொடங்க வழி செய்தது. பென்டிரைவ் காலம் வந்தபோது, காலியாகக் கிடந்த அந்த 32 கிலோபைட்டில் ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பதிவை எழுதிவிடலாம் என்று கண்டுகொண்டார்கள். ஒரே கோப்பு, சிடியில் எழுதினால் சிடி, பென்டிரைவில் கொட்டினால் வட்டு. இன்று நாம் இறக்கும் லினக்ஸ் நிறுவல் கோப்புகள் இன்னமும் '.ஐஎஸ்ஓ' ஆக இருப்பதற்கு இதுவே நேரடிக் காரணம்.

பழைய தட்டைக் காப்பாற்ற

கையில் 1990களின் தட்டுகள் இருப்பவர்களுக்கு மேலே சொன்னவற்றிலிருந்து வரும் நடைமுறை இது.

1. கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுக்க வேண்டாம். முழுத் தட்டையும் செக்டர் செக்டராக ஒரே கோப்பாக எடுக்கவும். ராக் ரிட்ஜ், ஜோலியட், பழைய பெயர் மூன்றும் அதற்குள் பத்திரமாக இருக்கும்.

2. எவ்வளவு எடுப்பது என்பதற்குப் பொருளடக்கத்தை நம்ப வேண்டாம். 16-ஆம் செக்டரில் முதன்மை விவரணைப் பதிவு இருக்கிறது. கோப்பு முறை மொத்தம் எத்தனை செக்டர் என்று அதன் 80-ஆம் பைட்டிலிருந்து எழுதியிருக்கும், இரண்டு பைட் வரிசையிலும். ஐஎஸ்ஓ-இன்ஃபோ நிரல் இதைப் படித்துச் சொல்லும். அந்த எண்ணிக்கை அளவுக்கு மட்டும் 2,048 பைட் துண்டுகளாக எடுத்தால் உதிரிச் செக்டர் பிழை வராது.

3. இந்த வழி ஒரே அமர்வில், அதாவது ஒரே தடவையில், எழுதிய தட்டுக்குத்தான். பல அமர்வுகளில் எழுதிய தட்டானால் கடைசி அமர்வின் விவரணைப் பதிவைத் தேட வேண்டும்; முதல் அமர்வை மட்டும் எடுத்தால் பின்னால் சேர்த்த கோப்புகள் விடுபட்டுப்போகும்.

4. பழைய சன் தட்டுகளில் ஐஎஸ்ஓ 9660-க்குப் பதிலாக யூனிக்ஸின் சொந்தக் கோப்பு முறை இருக்கலாம். விண்டோஸ் 'தட்டு காலி' என்று சொன்னால் தூக்கிப் போட வேண்டாம்.

5. நேரம் குறைவு என்றால் வீட்டிலும் அலுவலகத்திலும் எழுதிய சிடி-ஆர்களை முதலில் எடுக்கவும். சாயப் பூச்சு வெளிச்சத்திலும் வெப்பத்திலும் மங்கும். தொழிற்சாலையில் அழுத்திய தட்டில் சாயமே இல்லை, அது காத்திருக்கும். அதோடு, அழுத்திய தட்டுக்கு வேறெங்காவது ஆயிரம் பிரதிகள் இருக்க வாய்ப்புண்டு. கையால் பெயர் எழுதிய தட்டுக்கு அநேகமாக அது ஒன்றுதான் பிரதி.